இலைக்கோழிக்கு எண்ணத் தெரியாது

பானுப்பிரியாவைக் கட்டிக்கொடுத்த இடத்தில் ஒரு குறையும் இல்லை என்று தேவாரத்தில் எல்லோரும் சொன்னார்கள். மாப்பிள்ளை அருண்பாண்டிக்குப் போடியில் ஏலக்காய்க் கிடங்கில் வேலை. எந்தக் காய் எந்தத் தரம் என்று கையில் அள்ளிப் பார்த்தே சொல்லிவிடுவான். குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான். தாய் தகப்பன் அண்ணனோடு திருப்பூரில் இருந்தார்கள். எனவே மாமியார் சண்டைக்கும் வழியில்லை. இருந்த ஒரே குறையை யாரும் குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவன் பேச மாட்டான். பெண் பார்க்க வந்தவன் கேசரியைத் தின்றுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனதை, பானுவின் அம்மா சுந்தரம்மாள் "அடக்கமான பையன்" என்று தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். அடக்கத்தோடு குடும்பம் நடத்துவது எப்படி என்று அவள் மகளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

வைகாசியில் கல்யாணம். அவனுடைய கூட்டாளி சுருளிவேல் தன் ஜீப்பில் வாழைமரம் கட்டி மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு வந்தான். எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பு அது. சுருளிவேலுக்கு மீசை காதுவரைக்கும் போகும், பேச்சு அதற்கும் மேலே போகும். வழியெல்லாம் அவன்தான் பேசினான். பக்கத்தில் இருந்த புதுமாப்பிள்ளை மூன்று தடவை "ம்" என்றான்.

கல்யாணமான பிறகும் அதே கணக்குத்தான். "கொழம்பு எப்படிங்க இருக்கு?" என்றால் "ம்". "நெஞ்சு கரிக்குதா?" என்றாலும் "ம்". தினமும் விடிவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கோ போவான். வெயில் ஏறும்போது காலில் சேறும் முகத்தில் ஒரு சந்தோஷமுமாகத் திரும்பி வருவான். குளித்துவிட்டுக் கிடங்குக்குப் போய்விடுவான். அந்தச் சந்தோஷம் எங்கே கிடைக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பானுவுக்குப் பல நாள் பிடித்தது. அலமாரியில் ஒரு பெரிய கேமரா இருந்தது. அதன் முன்னால் முழங்கை நீளத்துக்கு லென்ஸு. அதற்குள் நாரை, பாம்புத்தாரா, முக்குளிப்பான், தாழைக்கோழி என்று ஒரு கண்மாயே அடைந்து கிடந்தது. கல்யாணப் படம் ஒன்றுகூட இல்லை. அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கேமராவை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

ஆனி பாதி கடந்தது. மலையில் சாரல் சீக்கிரமே பிடித்துக்கொண்டதால் ஆற்றில் தண்ணீர் வந்து கண்மாய்கள் எல்லாம் பாதிக்கு மேல் நிறைந்திருந்தன. ஒரு சாயங்காலம் அருண்பாண்டி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"நாளைக்குக் காலைல ஒரு சோலி இருக்கு. நீயும் வர்றியா?"

அந்த "நீயும்" பானுவைத் தூங்க விடவில்லை. போடிமெட்டுக்குக் கூட்டிப் போவான், மேகம் தொடுகிற இடத்தில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுப்பான் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். அரக்குக் கரை போட்ட மஞ்சள் சேலையைக் கட்டினாள். மல்லிகைப்பூவை முதல் நாளே வாங்கித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள். வாசலில் அவளைப் பார்த்த அருண்பாண்டி கொஞ்ச நேரம் பிடரியைச் சொறிந்தான்.

"மஞ்சளா?"

"ஏங்க, நல்லால்லையா?"

"இல்ல, வா."

வண்டி மலைக்கு எதிர்த்திசையில் திரும்பியது. பானுவின் மனசு மட்டும் கொஞ்ச தூரம் மலைப்பக்கம் போய்விட்டு, வேறு வழியில்லாமல் வண்டிக்குத் திரும்பியது. ராசிங்காபுரம் போகிற வழியில் ஒரு கண்மாய்க் கரையில், புங்கமரத்துக்கு இந்தப் பக்கமே வண்டியை நிறுத்தினான். வளைந்து போகிற கரையோடு நடந்து, புங்கமரம் எதிரே தெரிகிற இடத்தில் தண்ணீர் ஓரத்துக்கு இறங்கினார்கள். அங்கே நாலு குச்சி நட்டு, பழைய ஏலக்காய்ச் சாக்குகளைத் தைத்து மூடி, கூடாரம் போல ஒன்று நின்றது. சாக்கை விலக்கி உள்ளே போனான். அவளும் போனாள். இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரத்தான் இடம் இருந்தது. சாக்கில் ஏலக்காய் வாசம் இன்னும் இருந்தது. கட்டிய நாளிலிருந்து பகல் வெளிச்சத்தில் அவன் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. அவன் அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்தான். பானு மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"இப்ப நீ போயிரு" என்றான்.

"எங்க?"

"வண்டிகிட்ட. வெரசாப் போகாத, சாதாரணமாப் போ. திரும்பி மட்டும் பாத்துராத."

அவள் முழித்த முழியைப் பார்த்து அவனுக்கே பாவமாகப் போயிருக்க வேண்டும். சாக்கில் இருந்த ஓட்டை வழியாகக் காட்டினான். அல்லி இலைகளுக்கு நடுவில் கொஞ்சம் பாசியும் தண்டுமாகச் சேர்த்துப் போட்டிருந்தது. அதன் மேல் பளபளவென்று நாலு முட்டைகள். சற்றுத் தள்ளி ஒரு பறவை இலைக்கு இலை கால் மாற்றி வைத்து நின்றுகொண்டிருந்தது. முகம் வெள்ளை, பிடரி தங்க நிறம், வால் அரிவாள் போல வளைந்து நீண்டிருந்தது. விரல்கள் அத்தனை நீளமாக இருந்ததால் இலை முங்கவே இல்லை.

"எலக்கோழி" என்று கிசுகிசுத்தான். "நம்ம ரெண்டு பேரு வந்தத அது பாத்துருச்சு. உள்ள ஆளு இருக்குன்னு தெரிஞ்சா முட்டைகிட்ட வராது. ஒருத்தர் எந்திரிச்சுப் போனா எல்லாரும் போயிட்டாகன்னு நெனச்சுக்கிரும். அதுக்கு எண்ணத் தெரியாது."

"இத்தன நாளு என்ன செஞ்சீக?"

"சுருளி வருவான். அவனுக்கு ஜீப்பு சோலி. தெனமும் முடியல."

ஆக, சுருளிவேல் பார்த்த வேலைக்குத்தான் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்திருக்கிறோம் என்பது பானுவுக்குப் புரிந்தது. எழுந்து நடந்தாள். கரை மேல் ஏறிப் புங்கமரத்தருகே வந்ததும் கால் தானாக நின்றது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் என்ன என்று இருந்தது. அவன் பார்க்காதே என்று சொல்லியிருந்தான். நின்றதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் போனாள். வெயில் சுள்ளென்று வரும்வரை வண்டியருகே உட்கார்ந்து மனசுக்குள் அவனைத் திட்டித் தீர்த்தாள்.

இனிமேல் வருவதில்லை என்று அவள் எடுத்த முடிவு வீடு போய்ச் சேரும்வரைகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. காரணம், திரும்பும் வழியெல்லாம் அருண்பாண்டி பேசினான். வண்டி ஓட்டிக்கொண்டே, காற்றில் பாதி போக மீதி அவள் காதில் விழ, ஆள் மாறிப்போன மாதிரிப் பேசினான். இலைக்கோழியில் ஆண்தான் அடைகாக்குமாம். பெண் முட்டையைப் போட்டுவிட்டு வேறு ஜோடி தேடிப் போய்விடுமாம்.

"குஞ்சு பொரிச்சதும் அப்பன்தான் வளக்கும். பயந்தாலும் மழை வந்தாலும் குஞ்சுகளத் தன் ரெக்கைக்குள்ள இடுக்கிக்கிட்டு எந்திரிச்சு நடக்கும். குஞ்சு வெளிய தெரியாது. காலு மட்டும் தொங்கும். அப்பனுக்கே பத்துக் காலு மொளச்ச மாதிரி இருக்கும். அத எடுக்கணும் பானு. மூணு வருசமா ஒக்காந்துருக்கேன், ஒரு தடவகூடக் கெடைக்கல."

"பயந்தாத் தூக்கும்னா, ஒரு கல்ல விட்டு எறிஞ்சு எடுத்துற வேண்டியதுதான?"

"ச்சே! புள்ளைகள வச்சிருக்குறதப் போயி யாராச்சும் பயமுறுத்துவாகளா?"

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் பேச்சும் குழாயை மூடியதுபோல் நின்றுவிட்டது. ஆனால் அவன் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதைப் பானு கவனித்திருந்தாள். மறுநாளும் போனாள்.

மறுநாள் பச்சைச் சேலை கட்டியிருந்தாள். அவள் எழுந்து போனபிறகும் இலைக்கோழி நெடுநேரம் முட்டைக்கு வரவில்லையாம். "அந்த மஞ்சச் சேலையே கட்டிட்டு வர்றியா? அது பழகிக்கிருச்சு" என்று அருண்பாண்டி கேட்டான். அதற்கப்புறம் பானு சாயங்காலம் சேலையை அலசிப் போட்டு விடியற்காலையில் எடுத்துக் கட்டினாள். ஆனி முடியும்வரை அதே கதை. இரண்டு பேர் போவார்கள், ஒருத்தி திரும்புவாள். புங்கமரத்தருகே நின்று, திரும்பிப் பார்க்காமல், முந்தானையைச் சரிசெய்துகொண்டு போவாள். ஓட்டை வழியாக அந்தப் பறவை முட்டை மேல் உட்காருவதை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவள் போனால்தானே அது உட்காரும்?

திரும்பும் வழியில் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரப் பேச்சுக்காகத்தான் அவள் போனாள். அவனைப் பிடித்துப் போயிருந்தது. அதை ஒளிக்க வேண்டியதில்லை. அவனுக்கு வேண்டியது தான்தானா, இல்லை எழுந்து நடந்து போகிற இரண்டு கால்களா என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

விளங்குவதற்குள் ஆடி வந்துவிட்டது. சுந்தரம்மாளும் பானுவின் அண்ணன் பேச்சிமுத்துவும் சீர்த்தட்டோடு வந்து இறங்கினார்கள். ஆடியில் புதுப்பெண் புருஷன் வீட்டில் இருக்கக் கூடாது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. ஏன் என்று கேட்டால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளை வாயைத் திறந்து பேசட்டும் முதலில் என்று பானு மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று கேட்டாள்.

"அப்ப காலைல யாருங்க நடப்பா?"

"பாத்துக்கிறேன்" என்றான் அருண்பாண்டி.

போய்ட்டு வா என்றோ, வெரசா வந்துரு என்றோ அவன் சொல்லுவான் என்று பஸ்சு வரும்வரை காத்திருந்தாள். சொல்லவில்லை. மஞ்சள் சேலை கொடியிலேயே கிடந்தது. தேவாரம் போகிற வழியெல்லாம் ஜன்னலில் சாய்ந்து வந்தவள், ஊருக்குள் பஸ்சு நுழையும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். கல்யாணத்துக்கு முன் அவள் டீச்சராக இருந்த நர்சரிப் பள்ளிக்கூடத்தில் இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. ஆடி முடியட்டும். "வா" என்று அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போடிக்குப் போவது, வராவிட்டால் சிலேட்டையும் சாக்பீஸையும் கட்டிக்கொண்டு இங்கேயே இருந்துவிடுவது. யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

தினமும் ராத்திரி போன் வந்தது.

"சாப்டியா?"

"சாப்ட்டேன். நீங்க?"

"ம்." அப்புறம், "நாலும் பத்தரமா இருக்கு."

"என்ன நாலு?"

"முட்ட."

பானு போனை வைத்துவிட்டுத் தலையணையில் ஒரு குத்து விடுவாள்.

ஆடி பாதி ஆனபோது மொக்கம்மாள் வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, பானுவுக்குச் சித்தி முறை. ராசிங்காபுரம் பக்கம் களையெடுக்கப் போகிறவள். வந்தவள் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள்.

"என்னான்னுதான் சொல்லேன்டி" என்றாள் சுந்தரம்மாள்.

"சொல்லக் கூடாதுன்னுதான் நெனச்சேன். ஒன் மருமகன் தெனமும் விடியக்காலம் ஒரு பொம்பளையக் கூட்டிக்கிட்டுக் கம்மாய்க்கு வர்றாரு. ரெண்டு பேரும் சாக்குக் கூடாரத்துக்குள்ள போறாக. செத்த நேரத்துல அவ மட்டும் முக்காட்டப் போட்டுக்கிட்டு வெளிய வர்றா. நாங்க அம்புட்டுப் பேரும் பாத்தோம்."

இலைக்கோழிக்குத்தான் எண்ணத் தெரியாது. களையெடுக்கிற பெண்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

சுந்தரம்மாள் வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டாள். பேச்சிமுத்து கைலியை மடித்துக் கட்டினான். "அடக்கமான பையன், அடக்கமான பையன்னு தலைல தூக்கி வச்சு ஆடுனியேம்மா!" என்று தாயைத் திட்டிவிட்டு வண்டிச் சாவியைத் தேடினான். பானு மட்டும் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சேல என்ன கலரு சித்தி?"

"மஞ்சத்தான் ஆத்தா. அரக்குக் கரை."

 வேறு ஒருத்தி வந்தாள் என்பதைக்கூடப் பானு எப்படியாவது விழுங்கியிருப்பாள். அந்தச் சேலையை எடுத்துக் கொடுத்தானே! தினமும் சாயங்காலம் அவள் அலசிப் போட்ட சேலை. அப்படியானால் அவனுக்கு வேண்டியது வெறும் கால்கள்தான், யாருடையதாக இருந்தால் என்ன. கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தாள். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"அண்ணே, நீ போக வேணாம். நான் போறேன்."

"ஆடில புருசன் மூஞ்சியப் பாக்கப் போறியாடி?" என்று சுந்தரம்மாள் அலறினாள்.

"மூஞ்சியப் பாக்கப் போகலம்மா. சேலையப் பாக்கப் போறேன்."

மறுநாள் விடியற்காலையில், சுடிதாரைப் போட்டுக்கொண்டு மொக்கம்மாளோடு களையெடுப்பவர்களின் ஆட்டோவில் ஏறிப் போனாள். மொக்கம்மாளை வயலுக்கு அனுப்பிவிட்டு, புங்கமரத்தின் பின்னால் போய் நின்றாள். சாரல் காற்று அடித்தது. மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. கண்மாய்க்குள் தாழைக்கோழிகள் கத்திக்கொண்டிருந்தன. பக்கத்திலேயே அவன் வண்டி நின்றது. 

கொஞ்ச நேரத்தில் கரை மேல் மஞ்சள் தெரிந்தது.

முக்காடு போட்ட ஒரு உருவம் தலையைக் குனிந்து, இடது கையில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக நடந்து வந்தது. நல்ல உயரம். பானுவைவிட உயரம். அதையும் அவள் மனசு குறித்துக்கொண்டது. புங்கமரத்தருகே வந்ததும் அந்த உருவம் நின்றது. முந்தானையை இழுத்துச் சரிசெய்தது. பிறகு மரத்துக்கு இந்தப் பக்கம் வந்து, இடுப்பில் கையை விட்டு ஒரு பீடியை எடுத்து வாயில் வைத்தது.

"யாருடி நீ?" என்று பாய்ந்து முக்காட்டைப் பிடித்து இழுத்தாள் பானு.

காதுவரைக்கும் போன மீசை வெளியே வந்தது.

"ஐயோ தங்கச்சி, அடிச்சுராத! நான்தான், சுருளி!"

பானுவுக்குக் கை அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது. சுருளிவேல் கீழே விழுந்த பீடியைத் தேடினான். பிறகு தேடுவதை விட்டுவிட்டு, பல நாளாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டினான்.

"நீ போன மறுநாளு லுங்கியோட நடந்தேன். அந்தக் குருவி திரும்பியே பாக்கல. அதுக்கடுத்த நாளு இந்தச் சேலையக் கொண்டாந்து நீட்டுறான். கட்ட மாட்டேன்டான்னேன். மாப்ளே, மாப்ளேன்னு கெஞ்சுறான். சரி, கூட்டாளியாச்சே, கட்டித் தொலைப்போம்னு கட்டுனேன். அதோட விட்டானா? கைய வீசாத, அவ வீச மாட்டாங்கிறான். எடது கைல முந்தானையப் புடிங்கிறான். இந்தப் புங்கமரத்துக்கிட்ட ஒரு நிமிசம் நிக்கணுமாம். எதுக்குடா நிக்கணும்னு கேட்டேன். அவ நிப்பாங்கிறான்."

பானு புங்கமரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"குருவிக்குத்தான் எண்ணவே தெரியாதுங்கிறியே, அது புங்கமரத்தக் கண்டுச்சாடான்னு நானும் கேட்டேன் தங்கச்சி. அதுக்கு என்ன சொன்னான் தெரியுமா? 'தெனமும் அந்த எடத்துல நிப்பா மாப்ளே. இன்னைக்குத் திரும்பிப் பாத்துருவா, இன்னைக்குப் பாத்துருவான்னு நானும் ஓட்டை வழியாப் பாத்துக்கிட்டே இருப்பேன். பாக்க மாட்டா. நான்தான பாக்கக் கூடாதுன்னு சொல்லிப்புட்டேன்'. இதச் சொல்லிட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டான். எனக்கு வாயில வார்த்த வரல. எனக்கே வரல, பாத்துக்க."

அருண்பாண்டி இவ்வளவு வார்த்தைகளை ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறான், அதுவும் தன்னைப் பற்றி. பானுவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. புங்கமரத்தில் கையை ஊன்றிக்கொண்டு இரண்டையும் கொஞ்ச நேரம் வர விட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"சேலையக் குடுங்கண்ணே."

"புண்ணியமாப் போகும். எஸ்டேட்டுக்குப் போற ஆளுக எல்லாம் ஜீப்புல ஏறி ஒக்காந்து என்னத் திட்டிக்கிட்டு இருப்பாக" என்று சுருளிவேல் சேலையை உருவிக் கொடுத்தான். உள்ளே லுங்கியும் சட்டையும் ஒழுங்காகத்தான் இருந்தன. லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினான்.

பானு சுடிதாரின் மேலேயே சேலையைச் சுற்றினாள். சேலையில் ஏலக்காய் வாசமும் பீடி நாற்றமும் அடித்தன. கரையோடு நடந்து இறங்கிச் சாக்கை விலக்கினாள்.

"என்னடா, அதுக்குள்ள..." என்று கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்ன அருண்பாண்டி திரும்பிப் பார்த்தான். வாய் திறந்தது. மூடியது. "ஆடி..." என்றான் கடைசியில்.

"ஆடிதான். தெரியும்" என்றபடி அவள் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தாள்.

என்ன, ஏது என்று அவன் கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்தான்.  பிடித்தபடியே ஓட்டையைக் காட்டினான். அல்லி இலை மேல் உடைந்த முட்டை ஓடு கிடந்தது. அதைத் தாண்டி, கட்டைவிரல் பருமனில் நாலு குஞ்சுகள், உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் இலையில் தடுமாறிக்கொண்டிருந்தன. தகப்பன் பறவை அவற்றைவிட்டுத் தள்ளி, மஞ்சள் சேலை ஏன் திரும்பி வந்தது என்ற யோசனையோடு நின்றது.

"நேத்துச் சாயங்காலம் பொரிச்சுருக்கு. இன்னைக்கு விட்டா இங்கிட்டு இருக்காது, கோரைக்குள்ள கூட்டிட்டுப் போயிரும்" என்றான். "ஒருத்தர் போகணும்."

பானு பழக்கத்தில் எழுந்தாள். அவன் கையை விடவில்லை.

"நீ இரு. நான் போறேன்."

"நீங்க போயிட்டா யாரு படம் எடுப்பா?"

"நீதான். இந்தா, இத அமுக்கணும். அம்புட்டுத்தான்."

"மூணு வருசமா இதுக்காகத்தான ஒக்காந்துருந்தீக?"

"நீயும் தெனமும் நடந்துருக்க" என்றான் அருண்பாண்டி. "அது புள்ளைககிட்ட வர்றத நீ ஒருக்காகூடப் பாக்கலயே பானு."

 அவன் அவள் தோளிலிருந்து சேலையை உருவி, பேன்ட் சட்டைக்கு மேல் தாறுமாறாகச் சுற்றி, தலையில் முக்காடு போட்டுக்கொண்டான். அவள் எட்டி முந்தானையை இழுத்து அவன் இடது கையில் கொடுத்தாள்.

அவன் கரை ஏறினான். கண்மாய்க்கு அந்தப் பக்கம் வயலில் மொக்கம்மாளும் மற்ற பெண்களும் நிமிர்ந்து நின்று பார்த்தார்கள். பேன்ட் போட்டு அதன் மேல் சேலை கட்டிய ஒரு உருவம் கரையில் போவதைப் பார்த்து அவர்கள் என்ன கணக்குப் போட்டார்களோ தெரியவில்லை. இலைக்கோழி கணக்கை முடித்துக்கொண்டது. எல்லோரும் போய்விட்டார்கள். இலைக்கு இலை கால் மாற்றிக் குஞ்சுகளிடம் வந்தது.

பானு கேமராவில் கண்ணை வைத்தாள். பறவை கைக்கு எட்டுகிற தூரத்துக்கு வந்துவிட்டது. குனிந்து ஒரு குஞ்சை அலகால் தொட்டது. மெல்ல ஒரு சத்தம் கொடுத்தது. நாலும் அதன் காலடிக்கு ஓடி வந்தன. அவளுக்குப் பொத்தானை அமுக்கத் தோன்றவில்லை. இத்தனை நாள் தன் முதுகுக்குப் பின்னால் நடந்தது இதுதானா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பறவைக்குப் பின்னால், தூரத்தில், கரை மேல் மஞ்சள் மங்கலாகத் தெரிந்தது. அது புங்கமரத்தருகே போய்ச் சேர்ந்தது. நின்றது. முந்தானையைச் சரிசெய்தது. பானுவுக்குச் சிரிப்பு வந்தது.

அப்புறம் அது திரும்பியது.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சட்டம் போட்டவனே திரும்பினான். முக்காடு தோளில் விழ, சாக்குக் கூடாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு மாசமாக ஒருநாளும் திரும்பாத மஞ்சள் சேலை திரும்பியதைக் கண்டு இலைக்கோழி திடுக்கிட்டுக் கத்தியது. சட்டென்று காலை மடக்கி உட்கார்ந்து இறக்கையை விரித்தது. குஞ்சுகள் ஆளுக்கொரு பக்கமாக உள்ளே ஓடின. இறக்கையை இடுக்கிக்கொண்டு அது எழுந்தபோது குஞ்சுகளைக் காணோம். அப்பனுக்கு இரண்டு பக்கமும் குட்டிக் கால்கள் தொங்கின. அத்தனை காலோடு அல்லி இலை மேல் நடந்தது.

பானு அமுக்கினாள். அமுக்கிக்கொண்டே இருந்தாள். கண்ணில் நீர் நிறைந்து எதுவும் தெரியாமல் போன பிறகும் விரலை எடுக்கவில்லை. பறவை பிள்ளைகளோடு கோரைக்குள் போய் மறைந்தது.

கரை மேல் இருந்தவனுக்குப் பறவை ஓடியது மட்டும்தான் தெரிந்தது. தலையில் கை வைத்துக்கொண்டான். கண்மாயில் இதுவரை குரல் உயர்த்தாதவன், இனி அடங்கி என்ன ஆகப்போகிறது என்று கையைக் குவித்துக் கத்தினான்.

"போச்சு பானு! எல்லாம் என்னாலதான்! அது போனாப் போகட்டும், நீ வா! வா, நம்ம வீட்டுக்குப் போவோம்!"

நாரைகளும் தாழைக்கோழிகளும் கலைந்து எழுந்தன. வயலில் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவள் எதற்காகக் காத்திருந்தாளோ அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டோம் என்று அவனுக்குத் தெரியாது. மூன்று வருஷமாகக் காத்திருந்த படம் அவள் கையில் இருக்கிறது என்பதும் தெரியாது. இரண்டையும் கரை ஏறிப் போய் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று, கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பானு சாக்கை விலக்கி வெளியே வந்தாள். ஆடி முடிய இன்னும் பாதி மாதம் இருந்தது. அது சுந்தரம்மாளின் கவலை.